கண்ணின் கோணம் பார்க்க எந்தச் சோதனை: கோனியோவா, ஓ.சி.டி.யா, யு.பி.எம்.மா?

சீட்டில் டாக்டர் ‘யு.பி.எம்.’ என்று எழுதியிருப்பார். வீட்டுக்குப் பக்கத்து ஸ்கேன் சென்டரில் விசாரித்தால், “அது இங்க இல்லைங்க, ஓ.சி.டி. இருக்கு. கண்ணைத் தொடாமலே எடுத்துரலாம், படமும் தெளிவா இருக்கும்” என்பார்கள். வேறொரு டாக்டர் இரண்டும் வேண்டாம் என்று சொல்லி, ஒரு சின்னக் கண்ணாடி லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார், அதுதான் கோனியோ. அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வந்தவருக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

நான் மதுரையில் கண் ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிறேன். உறவுக்காரர்கள், தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

## என்ன கோணம் அது?

முதலில் பெயர்களைச் சரிசெய்துகொள்வோம். கண்ணின் முன்னால் வாட்ச் கண்ணாடி மாதிரி மூடியிருக்கும் கார்னியாவைத்தான் இங்கே கருவிழி என்று எழுதுகிறேன். அதற்குப் பின்னால் பழுப்பாகத் தெரியும் திரை ஐரிஸ். அதன் நடுவில் இருக்கும் ஓட்டை பாப்பா.

கண்ணுக்குள் ஒரு நீர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. இது கண்ணீர் இல்லை, உள்ளே ஓடும் நீர். ஐரிஸுக்குப் பின்னால் மறைந்திருக்கும் சிலியரி பாடி என்ற திசு, நிமிடத்துக்கு 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர் வரை இதைச் சுரக்கிறது. நீர் பாப்பா வழியாக முன்பக்கம் வந்து, கருவிழியும் ஐரிஸும் சேரும் மூலையில் இருக்கும் சல்லடை போன்ற திசு வழியாக வெளியேறுகிறது. அந்த மூலைதான் கோணம். டாக்டர்கள் ‘ஆங்கிள்’ என்பார்கள். கண்மாய்க்கு வரத்துக் கால் திறந்தே கிடக்க, மடை மட்டும் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணில் அழுத்தம் ஏறுகிறது, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. கண் நீர் அழுத்த நோயில் (கிளாக்கோமா) இது ஒரு வகை.

அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் தமிழகத்தின் மூன்று மாவட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரைப் பரிசோதித்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 2.6 சதவீதம் பேருக்குக் கண் நீர் அழுத்த நோய் இருந்தது. கோணம் அடைபடும் வகை 0.5 சதவீதம். நோய் இருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. அதனால் யாராவது ‘கோணம் குறுகலாக இருக்கிறது’ என்று சொன்னால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். அதே நேரம் பதறிப்போய்க் கிடைத்த முதல் ஸ்கேனை எடுத்துவிடவும் வேண்டாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

“எந்த மிஷின் தெளிவா காட்டும்?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு.

- பார்க்க வேண்டிய இடம் ஐரிஸுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா?
- கருவிழி தெளிவாக இருக்கிறதா, வெண்தழும்பு விழுந்திருக்கிறதா?
- கண்ணைத் தொடலாமா? அண்மையில் ஆபரேஷனோ காயமோ உண்டா? நோயாளி மல்லாந்து படுக்க முடியுமா?
- ஒரு முறை பார்த்தால் போதுமா, ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமா?
- எடுப்பவருக்குக் கை பழகியிருக்கிறதா?
- ரசீதுத் தொகை போக, பஸ், சாப்பாடு, இரண்டு பேரின் ஒரு நாள் கூலி எல்லாம் சேர்த்து என்ன ஆகிறது?

முதல் இரண்டுக்கும் பதில் தெரிந்தாலே பாதிக்கு மேல் முடிவு தெரிந்துவிடும்.

## கோனியோஸ்கோப்பி

இதைக் கட்டாயம் முதலில் செய்துகொள்ளுங்கள். கோணத்தை நேராக எட்டிப் பார்க்க முடியாது. அங்கிருந்து வரும் வெளிச்சம் கருவிழியின் முன் மேற்பரப்பில் உள்ளிருந்து பட்டு முழுதாக உள்ளேயே திரும்பிவிடுகிறது. கருவிழி மேல் ஒரு லென்ஸை ஒட்டி வைத்தால் அந்தத் தடை நீங்கி, லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடியில் கோணம் தெரியும். மரத்துப்போகும் சொட்டு ஒன்று விட்டு, ஸ்லிட் லாம்ப் என்ற கண் பார்க்கும் நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தே பார்த்துவிடுவார்கள். இரண்டு கண்ணுக்கும் ஐந்து நிமிடம் போதும். பெரும்பாலும் தனிக் கட்டணம் இருக்காது.

எந்த ஸ்கேனும் தராத ஒன்று இதில் கிடைக்கிறது. டாக்டர் லென்ஸை லேசாக அழுத்தி, ஐரிஸ் சும்மா சாய்ந்திருக்கிறதா, ஒட்டிக்கொண்டுவிட்டதா என்று பார்க்க முடியும். சாய்ந்திருந்தால் அழுத்தும்போது விலகும், ஒட்டியிருந்தால் விலகாது. வைத்தியமே இதைப் பொறுத்து மாறும். சல்லடையின் நிறம், அதில் படிந்த நிறமித் துகள், புதிதாக முளைத்த ரத்தக் குழாய் இதெல்லாம் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். ஸ்கேன் படங்கள் கறுப்பு வெள்ளைதான்.

மறைந்திருக்கும் செலவு டாக்டரின் நேரமும் கைப்பழக்கமும். கூட்டமான நாளில் இந்தச் சோதனை எளிதாக விட்டுப்போகும். வெளிச்சம் அதிகமாகப் பாப்பாவுக்குள் விழுந்தால் பாப்பா சுருங்கி, குறுகலான கோணமும் திறந்ததுபோல் தெரியும். தெரியாமல் அழுத்திவிட்டாலும் அதேதான். பத்து வருஷம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கப் படமும் இருக்காது, டாக்டர் எழுதிய குறிப்புதான் இருக்கும்.

இன்னொன்று முக்கியம். பாப்பாவை விரிக்கும் சொட்டு விடுவதற்கு முன்னால் கோனியோ பார்த்துவிட வேண்டும். விட்ட பிறகு பார்த்தால் உண்மை நிலை தெரியாது. மிகக் குறுகலான கோணம் உள்ளவருக்கு அந்தச் சொட்டே திடீர் அடைப்பைக் கொண்டுவரவும் கூடும். நர்ஸ் சொட்டு விட வரும்போது, “ஆங்கிள் பார்த்தாச்சாங்க?” என்று கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

## முன்பக்க ஓ.சி.டி.

யு.பி.எம். ஒலியால் எடுப்பது, இது ஒளியால் எடுக்கும் படம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி, திரும்பி வருவதைக் கொண்டு வெட்டுத் தோற்றம் வரைகிறது. கோணத்துக்கென்றே செய்த கருவிகளில் 1,310 நானோமீட்டர் அலைநீளம் வழக்கம். முதலில் வந்தவை 18 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நுணுக்கத்தில் காட்டின, இப்போதுள்ளவை இன்னும் நுணுக்கமாகக் காட்டுகின்றன. தலைமுடி ஒன்றின் கனம் 70 மைக்ரானை ஒட்டி இருக்கும் என்பதை வைத்துப் பாருங்கள்.

உட்கார்ந்து தாடையை வைத்தால் போதும். கண்ணைத் தொடுவதில்லை, சொட்டும் இல்லை. இருட்டிலேயே எடுக்கலாம் என்பது பெரிய வசதி, ஏனென்றால் கோணம் அடைவது பாப்பா விரியும் இருட்டில்தான். ஒரு பக்கக் கோணத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரே படத்தில் வந்துவிடும். ஆபரேஷன் முடிந்த மறுநாளே எடுக்கலாம். வயதானவர்களுக்கும் பயந்த குழந்தைகளுக்கும் இதுதான் சுகம்.

குறை எங்கே என்றால், ஐரிஸின் பின்புறத்தில் அடர்ந்த நிறமிப் படலம் ஒன்று இருக்கிறது. ஒளி அதோடு நின்றுவிடும். படத்தில் ஐரிஸ் வரை பளிச்சென்று தெரியும், அதற்குக் கீழே நிழல்தான். கோணம் குறுகியிருப்பதைக் காட்டும், ஐரிஸைப் பின்னாலிருந்து எது தள்ளுகிறது என்பதைக் காட்டாது. மேலும் கீழும் இமை மறைக்கும். கோனியோவில் திறந்திருப்பதாகத் தெரியும் கோணத்தையும் இது சில நேரம் அடைத்ததாகக் காட்டுவதுண்டு. அதனால் ஓ.சி.டி. தாளை மட்டும் வைத்து, ஐரிஸில் துளை போடும் லேசருக்கு நாள் குறிக்காதீர்கள்.

பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓ.சி.டி. என்றால் பெரும்பாலான இடங்களில் விழித்திரைப் படம்தான், சர்க்கரை நோயாளிகளுக்கு எடுப்பது. எங்கள் சோழவந்தான் அத்தைக்கு இதில்தான் ஒரு நாளும் பணமும் போனது. சீட்டில் ‘ஓ.சி.டி.’ என்று மட்டும் இருந்திருக்கிறது. போன சென்டரில் விழித்திரையை அழகாகப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கோணம் அதில் எங்கே இருக்கும்? மறுபடி அலைந்தார். ‘முன்பக்கம், ஆங்கிள்’ என்ற இரண்டு வார்த்தையைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விழித்திரைக் கருவியிலேயே கூடுதல் லென்ஸ் மாட்டி முன்பக்கம் எடுப்பதும் உண்டு. கருவிழிக்கு அது நன்றாக இருக்கும், கோணத்தின் ஆழத்துக்கு அவ்வளவாகப் போதாது.

## யு.பி.எம்.

அல்ட்ராசவுண்ட் பயோமைக்ரோஸ்கோப்பி என்பதன் சுருக்கம். உயிருள்ள திசுவை ஒலியால் நுண்ணோக்கி அளவில் பார்ப்பது. வயிற்றுக்கு எடுக்கும் அதே அல்ட்ராசவுண்ட்தான், ஆனால் அலை மிக மிகப் பொடியானது.

கணக்கு எளிது. ஒலி திசுவுக்குள் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் ஓடும். வயிற்று ஸ்கேனில் 3.5 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலையின் நீளம் 0.44 மில்லிமீட்டர். கண்ணுக்கு எடுக்கும் பி-ஸ்கேன் 10 மெகாஹெர்ட்ஸ், அலை 0.15 மில்லிமீட்டர். யு.பி.எம்.மில் 50 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறோம், அலை 0.03 மில்லிமீட்டர், அதாவது 30 மைக்ரான். அலை பொடியாகப் பொடியாகப் பொடியான பொருளும் பிரிந்து தெரியும். ஆழவாக்கில் 25 மைக்ரான், பக்கவாக்கில் 50 மைக்ரான் வரை பிரித்துக் காட்டுகிறது. தனித்தனிச் செல் தெரியாது, ஆனால் திசுவின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும்.

அதற்கு விலையும் கொடுத்தாக வேண்டும். ஊர்க்கோடியில் சாமி புறப்படும்போது வீட்டில் இருக்கிற நமக்கு முதலில் கேட்பது தவில், ஜால்ரா பக்கத்தில் போனால்தான். ஒலி உயர உயர வழியிலேயே கரைந்துவிடும். 50 மெகாஹெர்ட்ஸ் ஒலி கண்ணுக்குள் 4, 5 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. கண்ணின் நீளமோ 23, 24 மில்லிமீட்டர். ஆகவே யு.பி.எம். விழித்திரையைக் காட்டாது, பார்வை நரம்பையும் காட்டாது. முன்பக்கத்துக்கு மட்டும்தான். நரம்பு எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதற்குப் பார்வைப் பரப்புச் சோதனை வேறாக எடுத்தே ஆக வேண்டும்.

கனடாவின் டொராண்டோவில் கண் மருத்துவர் சார்லஸ் பாவ்லினும் இயற்பியலாளர் ஸ்டூவர்ட் ஃபாஸ்டரும் அவர்கள் குழுவினரும் 1990-ஐ ஒட்டி இதை நோயாளிகளின் கண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் சிலியரி பாடியை இந்த நுணுக்கத்தில் பார்க்க வேண்டுமானால், வெளியே எடுத்த கண்ணை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதுதான் வழி. இப்போது நோயாளி மூச்சு விட்டுக்கொண்டு, பேசிக்கொண்டு படுத்திருக்க, ஐரிஸ் சுருங்கி விரிவதையே திரையில் பார்க்கிறோம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அது வியப்பாகத்தான் இருக்கிறது.

ஒலிக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை என்பதுதான் இதன் பலம். ஐரிஸின் நிறமி ஒளியை நிறுத்தும், ஒலியை நிறுத்தாது. கருவிழியில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்தழும்பு இருந்தாலும் ஒலி உள்ளே போய்விடும். நம் பக்கத்தில் இது பெரிய விஷயம். 1996-இல் வெளியான ஓர் ஆய்வின்படி மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்திருக்கிறது. கதிரடிக்கும்போது நெல் உமி தெறிக்கும், கரும்புச் சோகை கீறும், மாட்டு வால் அடிக்கும். புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். அந்தக் கண்ணில் பின்னாளில் அழுத்தம் ஏறினால் கோனியோவில் ஒன்றும் தெரியாது, அடர்ந்த தழும்பில் ஓ.சி.டி.யும் சிதறிவிடும். அங்கே யு.பி.எம். ஒன்றுதான் கைகொடுக்கும்.

மறுபடி அத்தை கதைக்கு வருகிறேன். வயது 52. சாயங்காலமானால் கண் வலி, தெருவிளக்கைச் சுற்றி வானவில் வளையம். கோணம் குறுகல் என்று லேசரில் ஐரிஸில் ஊசிமுனைத் துளை போட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதோடு கோணம் திறக்கும். அத்தைக்கு வளையம் போகவில்லை. சரியான ஓ.சி.டி. எடுத்ததில் கோணம் இன்னும் குறுகல் என்று வந்தது. ஏன் என்பது வரவில்லை. அப்புறம்தான் எங்கள் அறைக்கு வந்தார்.

மல்லாக்கப் படுக்க வைத்து, மரத்துப்போகும் சொட்டு விட்டு, இமைகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தைப் பொருத்தினேன். 50 மெகாஹெர்ட்ஸ் ஒலி காற்றில் நகராது, தண்ணீர் வேண்டும். அதற்காகக் கிண்ணத்துக்குள் உப்பு நீர் நிரப்புகிறோம். “மருமகனே, கண்ணத் தொறந்துக்கிட்டே தண்ணிக்குள்ள கெடக்கச் சொல்றியே” என்றார் அத்தை. “ஒரு அஞ்சு நிமிஷம் அத்தை, மேல அந்தக் கறுப்புப் புள்ளியவே பாருங்க” என்றேன். விளக்கை அணைத்துவிட்டு, ஒலி அனுப்பும் முனையான புரோபை நீருக்குள் இறக்கினேன். திரையில் கருவிழி இரண்டு வெள்ளைக் கோடாக வந்தது. ஐரிஸ் நடுவில் தட்டையாக வந்து, ஓரத்தில் சட்டென்று மடிந்து மேலே ஏறியது. அதற்குப் பின்னால் சிலியரி பாடியின் விரல்கள் முன்னுக்கு வந்து, பந்தல் துணிக்கு அடியில் கம்பு கொடுத்ததுபோல் ஐரிஸின் வேரைத் தாங்கி நின்றன. துளை போட்டும் கோணம் திறக்காததற்குக் காரணம் அதுதான். பிளேட்டோ ஐரிஸ் என்பார்கள். ஆசியர்களில் கோணம் குறுகி லேசர் துளை போட்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு யு.பி.எம்.மில் இந்த அமைப்பு தெரிந்ததாகச் சிங்கப்பூர் ஆய்வு ஒன்று 2008-இல் வந்தது.

அத்தைக்கு வைத்தியம் மாறியது. ஐரிஸின் ஓரத்தை லேசரால் சுருக்கி இழுத்தார்கள். இப்போது மாதக் கணக்கில் வளையம் இல்லை. வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்குப் பழையபடி போகிறார்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். யு.பி.எம். எல்லா ஊரிலும் கிடையாது. கம்பத்திலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வருபவருக்கு, ஆரப்பாளையத்திலோ மாட்டுத்தாவணியிலோ இறங்கிச் சோதனை முடித்துத் திரும்ப ஒரு முழு நாள் ஆகிவிடும். துணைக்கு ஒருவர் வேண்டும். படம் எடுப்பவரின் கை இதில் ரொம்ப முக்கியம். கிண்ணத்தை அழுத்திப் பிடித்தாலே கோணம் திறந்ததுபோல் வந்துவிடும், புரோப் கொஞ்சம் சாய்ந்தாலும் அளவு மாறும். படுத்திருக்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சற்றுப் பின்னால் சாய்வதால், உட்கார்ந்திருக்கும் நிலைக்கும் இதற்கும் சிறு வேறுபாடு உண்டு. கிண்ணம் ஒவ்வொருவருக்கும் சுத்தம் செய்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒருமுறை மட்டும் பயன்படும் நீர்ப்பை உறை மாட்டியிருக்க வேண்டும். இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். கண்ணில் திறந்த காயம் இருந்தாலோ, ஆபரேஷன் முடிந்து சில நாளே ஆகியிருந்தாலோ, புண் ஆறாமல் இருந்தாலோ எடுக்கக் கூடாது.

‘அல்ட்ராசவுண்டில் இதைவிட நுணுக்கமாக வந்துவிட்டதாமே’ என்று கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். ரத்தத்தில் நுண்குமிழ்களை விட்டு, ஒவ்வொரு குமிழின் இடத்தையும் தனித்தனியாகக் கண்டுபிடித்து, எலி மூளையின் ரத்தக் குழாய்களைச் சுமார் 10 மைக்ரான் நுணுக்கத்தில் பாரிஸ் ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள். அது ஆராய்ச்சி வழி. கோணத்துக்காகச் சீட்டு எழுதி வாங்கும் உங்கள் தேர்வில் அது வராது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கோனியோ | முன்பக்க ஓ.சி.டி. | யு.பி.எம். |
|---|---|---|---|
| எதனால் பார்க்கிறது | கண், கண்ணாடி, வெளிச்சம் | அகச்சிவப்பு ஒளி | 35 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் ஒலி |
| ஐரிஸுக்குப் பின்னால் | தெரியாது | தெரியாது | தெரியும் |
| வெண்தழும்பு விழுந்த கருவிழி | முடியாது | லேசான மங்கல் என்றால் முடியும் | முடியும் |
| ஒட்டியதா, சாய்ந்ததா | அழுத்திப் பார்த்துச் சொல்லலாம் | உறுதியாகச் சொல்ல முடியாது | உறுதியாகச் சொல்ல முடியாது |
| கண்ணைத் தொடுமா | தொடும் | தொடாது | தொடும், நீர்க் கிண்ணம் |
| நிலை | உட்கார்ந்து | உட்கார்ந்து | பெரும்பாலும் படுத்து |
| பிற்பாடு ஒப்பிடப் படம் | பெரும்பாலும் இல்லை | உண்டு | உண்டு |
| எடுப்பவரின் திறமை | மிக அதிகம் தேவை | குறைவாகப் போதும் | மிக அதிகம் தேவை |

## யாருக்கு எது

கோணம் குறுகல் என்று முதன்முதலில் சொல்லப்பட்டவருக்கு கோனியோ போதும். கருவிழி தெளிவாக இருந்து, டாக்டர் நிதானமாகப் பார்த்துவிட்டால், பெரும்பாலானோருக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

ஆண்டுதோறும் கோணத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவர், கருவிழி மாற்று ஆபரேஷன் செய்தவர், கண்ணைத் தொட விடாதவர், இருட்டில் கோணம் எப்படி மாறுகிறது என்று தெரிய வேண்டியவர் ஓ.சி.டி. எடுக்கலாம்.

லேசர் துளை போட்டும் கோணம் திறக்காதவர் நேராக யு.பி.எம்.முக்குப் போகலாம். நடுவில் ஓ.சி.டி. எடுப்பது பல நேரம் வீண் செலவு, அத்தைக்கு ஆனது மாதிரி. ஐரிஸ் ஓர் இடத்தில் மட்டும் புடைத்திருந்தாலும் அப்படித்தான். பின்னால் நீர்க்கட்டி இருக்கலாம், அரிதாகச் சதைக்கட்டியும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒலிதான். கட்டிக்குள் நீர் என்றால் உள்ளே கறுப்பாகத் தெரியும், சதை என்றால் புள்ளி புள்ளியாக நிறைந்திருக்கும்.

அடிபட்ட கண்களும் இந்தப் பக்கம்தான் வரும். மேலூர்ப் பக்கம் கல் உடைக்கிறவர்கள், சிவகாசிப் பட்டாசில் அடிபட்டவர்கள் என்று பார்க்கிறோம். வெளிக்காயம் தையல் போட்டு ஆறிய பிறகு கண் அழுத்தம் மிகவும் குறைந்து கிடந்தால், சிலியரி பாடி சுவரிலிருந்து பிரிந்திருக்கிறதா என்று பார்க்க யு.பி.எம். வேண்டும். ஐரிஸின் ஓரத்தில் சிக்கிய பொடிக் கல்லோ கண்ணாடித் துகளோ இதில் தென்படும். காயம் திறந்திருக்கும்வரை இதை நினைக்கவே கூடாது. அப்போது சி.டி. ஸ்கேன்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒற்றைத் தலைவலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் டோபிராமேட் மாத்திரையால் சிலருக்கு, பெரும்பாலும் ஆரம்பித்த சில வாரத்துக்குள், இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் கோணம் அடைத்துவிடும். சிலியரி பாடியைச் சுற்றி நீர் கோத்து, அது முன்னால் திரும்பிவிடுகிறது. யு.பி.எம்.மில் அந்த நீர் தெரியும். இதற்கு லேசர் துளை பயன்படாது. மாத்திரையை டாக்டர் மேற்பார்வையில் நிறுத்துவதுதான் முதல் வைத்தியம். கண் டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.

## இப்போதைக்கு எதுவும் எடுக்காமல் இருக்கலாமா?

இதுவும் ஒரு தேர்வுதான். சீனாவின் குவாங்சோவில் கோணம் குறுகி, ஆனால் அழுத்தமோ நரம்புப் பாதிப்போ இல்லாத 889 பேருக்கு ஒரு கண்ணில் லேசர் போட்டு, மறுகண்ணை அப்படியே விட்டு 6 ஆண்டு பார்த்தார்கள். முடிவு 2019-இல் வந்தது. நோய் முன்னேறியது லேசர் போட்ட கண்களில் 19, போடாத கண்களில் 36. லேசர் உதவியது, ஆனால் போடாத கண்களிலும் மிகப் பெரும்பான்மை நன்றாகவே இருந்தன. ஆகவே வெறும் குறுகல் மட்டும் என்றால் டாக்டரோடு பேசி, குறித்த இடைவெளியில் கோனியோ பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

குறிப்பாக இரண்டு வகையினர் காத்திருக்கக் கூடாது. வீட்டில் யாருக்காவது இந்த நோயால் பார்வை போயிருந்தால் ஒன்று. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி எட்டாத தொலைவில் இருந்தால் இன்னொன்று. திடீரென்று கண் சிவந்து, மண்டை பிளக்கிற வலியும் வாந்தியும் மங்கலும் சேர்ந்து வந்தால், எந்த ஸ்கேன் என்ற கேள்வியே வேண்டாம். அன்றைக்கே, அந்த மணியிலேயே கண் ஆஸ்பத்திரி. வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று ஒரு ராத்திரி தள்ளிப்போட்டுக் கண்ணை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

## யு.பி.எம். எடுக்கப் போகிற அன்றைக்கு

சாப்பிட்டுவிட்டே போகலாம். கண் மை வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கழற்றிவிட்டுப் போங்கள். பழைய ஓ.சி.டி. தாள், லேசர் போட்ட தேதி, கோனியோ குறிப்பு மூன்றும் கையில் இருக்கட்டும். எங்கே தேடுவது என்று எடுப்பவருக்கு அப்போதுதான் தெரியும். டாக்டர் எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறார் என்பதைச் சீட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ‘துளை போட்டும் கோணம் ஏன் திறக்கவில்லை’ என்று ஒரு வரி இருந்தால், நான் படத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மூச்சுத்திணறல், முதுகுவலி, கழுத்துவலி இருப்பவர்கள் படுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், தலையணை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். கிண்ணம் வைக்கும்போது வலிக்காது, ஓர் அழுத்தம்தான் தெரியும். இமையை இறுக்காமல் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். முடிந்த பிறகு கொஞ்ச நேரம் மங்கலாக இருக்கும், கண்ணும் மரத்தே இருக்கும். மரப்பு போகும்வரை கசக்காதீர்கள், கீறல் விழுந்தாலும் தெரியாது. பைக்கில் வந்திருந்தால் சாவியைத் துணைக்கு வந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.